பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெற விரும்பும் பெற்றோருக்கு

2019-ஆம் ஆண்டில் ஒரு மாலை, மகளை அழைத்துவரப் பள்ளிக்குச் சென்றிருந்தபோது, நீளமான பதிவேடு ஒன்றை நீட்டி, பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்திடுமாறு கேட்டார்கள். சீருடைக்கோ பாடநூலுக்கோ வாங்கும் கையெழுத்து என்று எண்ணிப் போட்டுவிட்டு வந்தேன். அது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு என்பதும், அந்தக் குழுவில் நான் ஓர் உறுப்பினர் என்பதும், நடக்காத கூட்டத்தின் தீர்மானத்துக்கு நான் ஒப்புதல் தந்திருக்கிறேன் என்பதும் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. 2022-ல் அதே குழுவுக்கு நானே பெயர் கொடுத்தேன். பெற்றோர் கையுயர்த்தித் தேர்ந்தெடுத்தார்கள். ஈராண்டுகள் தலைவராக இருந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை, இந்த இடத்துக்கு வர நினைக்கும் மற்றப் பெற்றோருக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

குழுவில் பெயர் சேர்வது பெரிய காரியமன்று. பல ஊர்களில் ஆள் கிடைக்காமல்தான் தலைமையாசிரியர்கள் தவிக்கிறார்கள். ஆனால் அவர் கேட்டுக்கொண்டதால் வந்த உறுப்பினர் அவர் காட்டும் இடத்தில் கையெழுத்திடுவார். மற்றப் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் வந்தவர், கையெழுத்திடும் முன் மேலே எழுதியிருப்பதைப் படிப்பார். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, பெற்றோரின் ஆதரவோடு அந்த இடத்துக்குப் போவது எப்படி என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்தக் குழுவுக்குச் சட்டம் என்ன சொல்கிறது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுதான் இந்தக் குழுவின் பிறப்பிடம். குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற, பின்தங்கிய பிரிவுகளைச் சேர்ந்த பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தரப்பட வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, பள்ளிக்கு வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் பணிகள் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. சிறுபான்மைப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் மற்றப் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் காகிதத்தில்தான் இருந்தன. 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து பள்ளி வாரியாக 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. அவற்றில் 15 பேர் பெற்றோர். மீதி இடங்கள் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர் இருவர், கல்வியில் ஆர்வமுள்ள உள்ளூர்க்காரர் ஒருவர் என்று போயின. 2024 ஆகஸ்டில் மறுகட்டமைப்பு நடந்தபோது குழு 24 பேராக விரிந்து, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர் உறுப்பினர்களிலிருந்துதான் வர வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்தை ஒருங்கிணைப்பவர், அவர் தலைவராக முடியாது. தலைவர் பொறுப்பில் பெண்களுக்கும், துணைத் தலைவர் பொறுப்பில் சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பெற்றோருக்கும் முன்னுரிமை உண்டு.

இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு அமைப்பு, வேறு கணக்கு, வேறு தலைவர். ஊரில் யாராவது “கமிட்டிக்குத்தான் ஏற்கெனவே ஆள் இருக்காங்களே” என்றால், பெரும்பாலும் அவர் கழகத்தை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார்.

யார் பெயர் கொடுக்கலாம்

உங்கள் குழந்தை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும்; அவ்வளவுதான் தகுதி. படிப்போ, நிலமோ, கட்சியோ, வீட்டின் முகவரியோ யாரும் கேட்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் குழுவில் உட்கார்ந்து, எழுதத் தெரிந்த எங்களுக்குத் தோன்றாத கேள்விகளைக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கடைமடைப் பகுதியில் தாயும் தந்தையும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட, பேரப் பிள்ளைகளை அம்மாச்சிகள் வளர்க்கும் வீடுகள் உண்டு. சட்டம் ‘பாதுகாவலர்’ என்று சொல்வது குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்பவரை. ஆகவே அந்த அம்மாச்சிக்கும் கூட்டத்தில் உட்காரவும் பெயர் கொடுக்கவும் உரிமை உண்டு என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரு நடைமுறைச் செய்தியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். குழந்தை பள்ளியை விட்டுச் சென்றால் உங்கள் இடமும் போய்விடும். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் தலைவரானால் ஓராண்டுகூட நிலைக்க முடியாது. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ பிள்ளை இருக்கும்போது முன்வருவது நல்லது. பெற்றோர் இடங்களை எல்லா வகுப்புகளுக்கும் பகிர்ந்தளிப்பார்கள் என்பதால், உங்கள் பிள்ளையின் வகுப்பில் வேறு யாரெல்லாம் விரும்புகிறார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள்

குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்க வேண்டிய வேலை இது. ஒரு நோட்டு வாங்கி, பள்ளியில் எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறைகள், எத்தனை கழிப்பறைகள் என்று எழுதுங்கள். பிறகு அவற்றைச் சட்டத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் 35 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம். அதற்குமேல், அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிப்பாடம் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கு ஒருவராவது இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாள், எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்கச் சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், மாற்றுத்திறனுள்ள குழந்தை தடையின்றி உள்ளே வரும் வழி ஆகியவை இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை 96 குழந்தைகள் இருந்தார்கள், ஆசிரியர்கள் மூவர். இதைக் குறையாகச் சொல்லிச் சொல்லி ஊரே அலுத்துப்போயிருந்தது. 90-ஐத் தாண்டினால் நான்காம் ஆசிரியருக்கு உரிமை உண்டு என்ற ஒரு வரியைத் தெரிந்துகொண்ட பிறகு, அது குறை சொல்லும் பேச்சாக இல்லாமல் எழுதித் தரக்கூடிய கோரிக்கையாக மாறியது. ஆசிரியர் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் நீங்கள் வீடு வீடாகச் சென்று சேர்க்கும் ஐந்து பிள்ளைகள் ஓர் ஆசிரியரைக் கொண்டுவரலாம். தனியார் பள்ளி வேனில் ஏறிப்போகும் ஐந்து பிள்ளைகள் ஓர் ஆசிரியரை உபரியாக்கி வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம். இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எண்களில் சிக்காதவற்றைப் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். என் மகளும் அவள் தோழிகளும் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை மாலையில் அப்படியே திரும்பக் கொண்டுவருவார்கள். மறதி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மூன்று பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டபோது, பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்திருப்பதாகவும், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதாகவும், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்றும் சொன்னார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகளும், அவற்றில் முடிந்த ஒரு சணல் கயிறும் இருந்தன. நூற்றுச் சொச்சம் ரூபாய் வேலை. அதுவரை எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் அது பேசப்பட்டதில்லை, ஏனென்றால் கூட்டத்துக்கு வந்த ஆண்களுக்கு அது தெரியாது, தெரிந்த பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

கட்டடத்தையும் ஒரு சுற்று பாருங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விரிசல் விட்ட சுவர், கம்பி தெரியும் கூரை, மூடாத கிணறு, வகுப்பறைக்கு மேலே போகும் மின்கம்பி எது இருந்தாலும் இடத்தையும் நாளையும் குறித்துக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் முகம் படத்தில் வேண்டாம்.

எந்தக் குறைக்கு யார் பொறுப்பு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தெரியாத உறுப்பினர் எல்லாவற்றையும் தலைமையாசிரியர் தலையில் போட்டு, அவரோடு பகைத்துக்கொண்டு நிற்பார். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர் விவகாரம் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகிறது. கட்டடமும் சுற்றுச்சுவரும் ஒன்றிய அலுவலகத்தைச் சேர்ந்தவை. கழிப்பறைத் துப்புரவுக்கும் குடிநீருக்கும் ஊராட்சியைத்தான் அணுக வேண்டியிருக்கும். குழுவில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு இடம் வைத்திருப்பதன் பயன் இங்கேதான்.

பெற்றோரைச் சந்திப்பது

சுவரொட்டியோ துண்டுப் பிரசுரமோ இதற்கு வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

மாலையில் பள்ளி வாசலில் நிற்பது எளிது. ஆனால் வாசலுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்கள், வேலைக்குப் போகாதவர்கள், இருசக்கர வண்டி வைத்திருப்பவர்கள். கூட்டத்துக்கும் அவர்கள்தான் வருவார்கள். வராதவர்களைத் தேடி அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனால்தான் குழுவில் அவர்கள் குரல் சேரும். நான் நூறு நாள் வேலை நடக்கும் வாய்க்கால் கரைக்குப் பதினோரு மணிக்குப் போனேன், டீ குடிக்க உட்காரும் நேரம். முதல் நாள் யாரும் என்னை நம்பவில்லை. “தேர்தலா வருது, எந்தக் கட்சி?” என்றார்கள். எந்தக் கட்சியும் இல்லை, பள்ளிக்கூடக் குழு என்று சொல்லி, நோட்டை விரித்து, “ஒங்க புள்ளைக்கு ஸ்கூல்ல என்ன வேணும், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டேன். சத்துணவில் முட்டை சிறியதாக இருக்கிறது என்றார் ஒருவர். ஆறாம் வகுப்புக்குப் போன மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்றார் இன்னொருவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “கூட்டத்த மூணு மணிக்கு வைக்கிறாங்க, நாங்க நடவ விட்டுட்டு எப்படி வர்றது” என்று கேட்டார் மூன்றாவது பெண். அவர் பெயரைத்தான் பிறகு எங்கள் குழுவுக்கு நானே முன்மொழிந்தேன்.

ஒவ்வொருவர் சொன்னதையும் அவர் கண்முன்னே எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். நூறு பேரிடம் வாக்குறுதி தருவதைவிட முப்பது பேர் சொன்னதை எழுதிக்கொண்டு வருவது மேலானது என்று என் அனுபவத்தில் சொல்வேன். “நான் வந்தால் இதைச் செய்து தருவேன்” என்று எதையும் சொல்லாதீர்கள். குழு உறுப்பினர் ஆணை போடும் அதிகாரியல்லர். “இதைக் கூட்டத்தில் வைப்பேன், தீர்மானத்தில் எழுத வைப்பேன், என்ன பதில் வந்தது என்று உங்களிடம் வந்து சொல்வேன்” என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். இந்த மூன்றையும் எவராலும் நிறைவேற்ற முடியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில், உங்கள் ஊரிலும் இருக்கலாம், பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனித் தெருப் பிள்ளைகள்; குழுவிலோ நெடுங்காலம் ஊர்த் தெருப் பெயர்களே இருந்தன. சட்டம் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் என்று சொல்கிறது. நீங்கள் ஊர்த் தெருவைச் சேர்ந்தவராக இருந்தால், ஆதரவு கேட்கக் காலனிக்குப் போவதோடு நிற்காமல், அங்கிருந்து யாரெல்லாம் குழுவுக்கு வர விரும்புகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் பெயரையும் உங்கள் பெயரோடு சேர்த்து முன்வையுங்கள். நீங்கள் காலனியைச் சேர்ந்தவராக இருந்தால், தனியாகப் பெயர் கொடுக்காமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். தேர்வு நாளில் ஒருவரை “அடுத்த தடவை பார்க்கலாம்” என்று உட்கார வைப்பது எளிது. ஐந்து பேரை அப்படிச் சொல்ல முடியாது. தலைவர் பொறுப்புக்கு அவர்களிலிருந்து ஒரு தாய் வருவதை நான் மனதார வரவேற்பேன். எனக்குப் பின் வந்தவர் அப்படி வந்தவர்தான், என்னைவிட நன்றாக நடத்துகிறார்.

கட்சிக்காரர்களும் ஒப்பந்த வேலை எடுப்பவர்களும் இந்தக் குழுவில் நாட்டம் காட்டக்கூடும். பிள்ளை படித்தால் அவர்களுக்கும் பெற்றோர் என்ற உரிமை உண்டு. அதை மறுக்கக் கூடாது. ஆனால் பள்ளியில் கட்டட வேலையோ பொருள் விநியோகமோ எடுக்கும் ஒருவர், அந்தச் செலவைக் கண்காணிக்கும் குழுவில் உட்காருவது சரியா என்ற கேள்வியைப் பெற்றோர் முன்னிலையில் மரியாதையோடு கேட்கலாம்.

தலைமையாசிரியரிடம் பேசுவது

பெற்றோரிடம் போகும் அதே வாரத்தில் தலைமையாசிரியரிடமும் போய், பெயர் கொடுக்க விரும்புவதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள். ஊர் வழியாக அவர் காதுக்குப் போனால், தமக்கு எதிராக ஏதோ கிளம்புகிறது என்று நினைப்பார். ஒற்றை ஆளாகப் பாடமும் நடத்தி, எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவும் ஏற்றி, ஒன்றியத்துக்கும் அலையும் பெரும்பாலான தலைமையாசிரியர்களுக்கு, வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் கிடைத்தால் மகிழ்ச்சிதான். தேர்வுக் கூட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, அழைப்பு எப்படிப் போகும், போட்டி வந்தால் கையுயர்த்தலா சீட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேம்பாட்டுத் திட்டத்தின் நகலையும் கடந்த ஆண்டின் தீர்மானப் பதிவேட்டையும் பார்க்கக் கேளுங்கள். “மேடம், இது எதுக்கு ஒங்களுக்கு” என்ற கேள்வி வந்தால் கோபப்பட வேண்டாம். “படிச்சிட்டு வந்தா கூட்டத்துல ஒங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும் சார்” என்று சொன்னால் போதும்.

தேர்வு நாள்

அழைப்புக் கடிதம் பிள்ளைகளின் கையில்தான் வரும், பைக்குள்ளேயே கிடந்துவிடும். ஆகவே முந்தைய நாள் மாலையில் நீங்கள் சந்தித்த வீடுகளுக்கு ஒரு முறை நடந்து சென்று நேரத்தை நினைவூட்டுங்கள். கூலி போய்விடும் என்று தயங்குபவர்களிடம் தேர்வு நேரம் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள்; ஒரு மணி நேரம் என்று தெரிந்தால் வயலிலிருந்து நேராக வந்துவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் கூட்டத்துக்குச் சேற்றுக் காலோடு வந்த பெண்கள் வராந்தாவுக்கு வெளியிலேயே நின்றார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று அழைத்தபோது, தரை அழுக்காகும் என்று தயங்கினார்கள். தலைமையாசிரியர் தாமே ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அன்று வராந்தா நிறைந்தது.

பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். உங்கள் பெயர், பிள்ளையின் வகுப்பு, பெற்றோரிடம் கேட்டு எழுதியவற்றில் மூன்று செய்திகள், மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு உங்களால் வர முடியும் என்ற உறுதி, இவ்வளவு போதும். மைக் வேண்டாம், துண்டுத் தாளைப் பார்த்தே படிக்கலாம். பட்டியல் முன்கூட்டியே எழுதப்பட்டு வாசிக்கப்படுவதாகத் தோன்றினால், “நானும் பெயர் கொடுக்கிறேன், என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்று அந்த இடத்திலேயே, பட்டியல் வாசித்து முடியும் முன் சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் அது தகராறாகப் போய்விடும். அன்று தேர்வாகாவிட்டாலும், குறைகள் எழுதிய அந்த நோட்டைத் தேர்வானவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபையும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் பள்ளியைப் பற்றிப் பேச எந்தக் குழுவிலும் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை.

தேர்வான பின்

பணத்தைப் பற்றி முதலில். பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிமுறைப்படி 31 முதல் 100 மாணவர்வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாயும், 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாயும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குப் போக வேண்டும். எங்கள் தாழ்ப்பாள் அந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்துதான் வந்தது. தலைவராகக் கணக்கில் கையெழுத்திட நேர்ந்தால், பற்றுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, வாங்கிய பொருளைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கணக்கு கேட்பது தலைமையாசிரியரைச் சந்தேகிப்பதாகாது. தணிக்கை வரும்போது அவரைக் காப்பாற்றுவதும் அந்தப் பற்றுச்சீட்டுதான்.

ஆளை நியமிக்கும் அதிகாரமும் இந்தக் குழுவுக்கு வந்ததுண்டு. 2022-ல் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே நியமிக்க அரசு முடிவு செய்தது. தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். அப்போது உறுப்பினர்களின் வீடுகளுக்கு விண்ணப்பத்தோடு உறவினர்கள் வந்தார்கள். என் நாத்தனார் மகளும் விண்ணப்பித்தாள். நான் அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. வெளியேறியதைப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். அவளுக்கு வேலை கிடைக்கவில்லை, ஆறு மாதம் வீட்டில் பேச்சில்லை. இப்படி ஒன்று வரும் என்று குடும்பத்தாரிடம் பெயர் கொடுக்கும் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

அடுத்து, பதிவுகள். தேர்வான வாரத்திலேயே உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோருக்கான கைப்பேசிச் செயலியில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தீர்மானங்கள் அந்தச் செயலியில்தான் ஏற்றப்படுகின்றன, எண் தவறாக இருந்தால் எதுவும் உங்களிடம் வராது. பொத்தான் கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு அடுத்த கூட்டத்தின் நாளை வாய்ச் சொல்லாகச் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கூட்டத்தில் தீர்க்க முடியாத செய்திகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் குழுத் தீர்மானத்தின் எண்ணையும் நாளையும் சொல்லி அழைத்தால்தான் அந்த அழைப்புக்கு வலு கூடும்.

தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது, தீர்மானத்தை ஒருவர் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் இருந்தால் இது கட்டாயம். தீர்மானம் முடியும் வரிக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தால், குறுக்கே ஒரு கோடு இழுத்த பிறகு கையெழுத்தும் தேதியும் போடுங்கள். பென்சில் புள்ளி வைத்த வெற்று வரியில் போடாதீர்கள், நீட்டுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.